ஸ்பிரிங் மாத்தலாமா? (புலி, பூனை, சூடு)

ஸ்போர்ட்டியான செடான் வாங்கினவன் ஆறு மாசத்துக்கு மேல கையைக் கட்டிக்கிட்டு சும்மா இருந்ததா சரித்திரம் இல்லை. முதல் மாசம் ஃப்ளோர் மேட், ரெண்டாவது மாசம் ஹாரன், அப்புறம் டயர். அதுக்கும் அப்புறம் ஒரு நாள் வண்டியைப் பக்கவாட்டுல இருந்து பாக்கறப்போ, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல இருக்கற அந்த இடைவெளி கண்ணை உறுத்த ஆரம்பிக்கும். "மச்சி, ஸ்பிரிங்கை மாத்து. முப்பது மில்லி இறங்கும், வண்டி ரோட்டை அப்படியே கவ்விப் பிடிக்கும்"னு சொல்ல நாலு பேர் எப்பவும் ரெடியா இருப்பாங்க.

என்கிட்ட இருக்கறது ஃபோக்ஸ்வேகன் விர்டுஸ் ஜிடி. 2022ல் இந்தியாவுக்கு வந்த வண்டி. 1.5 லிட்டர் டர்போ, 150 குதிரை சக்தி. ஆனா ஆள் ஏறாம நிக்கறப்போ தரை இடைவெளி 179 மி.மீ. ஓட்டப்பந்தயத்துக்கு வந்த ஆள் மழைத்தண்ணிக்குப் பயந்து வேட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கற மாதிரி இருக்கும். வேட்டியை இறக்கி விடலாமா வேண்டாமாங்கறதுதான் கேள்வி :-)

ஓடிக்கிட்டு இருக்கற கோடுல கை வைக்கறதுக்கு முன்னாடி, முதல்ல எழுதினவன் எதுக்காக அப்படி எழுதினான்னு தோண்டிப் பாக்கறது நம்ம தொழில் புத்தி. அதே புத்தியோட ஸ்பிரிங்கோட வரலாறையும் தோண்டினேன். 'கெட்டியான ஸ்பிரிங்னா வேகமான வண்டி'ங்கற நம்பிக்கை எங்கேர்ந்து வந்துது? நான் நினைச்சுக்கிட்டு இருந்த இடத்துலேர்ந்து வரலை.

ஹூக் போட்ட புதிர்

ஸ்பிரிங்குக்கு முதல்ல கணக்கு எழுதினவர் ராபர்ட் ஹூக். பள்ளிக்கூடத்துல மார்க்குக்காக மனப்பாடம் பண்ணினோமே, அதே ஹூக் விதிதான். 1676ல் இவர் தன் கண்டுபிடிப்பை நேரா சொல்லாம, லத்தீன் வாக்கியத்தோட எழுத்துகளை அகர வரிசையில அடுக்கி ஒரு புதிரா அச்சடிச்சு வச்சார். வேற எவனாவது 'நான்தான் முதல்ல'ன்னு வந்தா காட்டறதுக்கு. 1678ல் அவரே புதிரை அவிழ்த்தார்: நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவு. ரெண்டு மடங்கு எடை வச்சா ரெண்டு மடங்கு அமுங்கும். அவ்வளவுதான் சமாச்சாரம்.

அந்தக் காலத்துக் குதிரை வண்டிகள்ல உடம்புப் பகுதியைத் தோல் பட்டையில தொங்க விட்டிருப்பாங்க. 1804ல் லண்டன்ல ஒபடையா எலியட்ங்கற வண்டி செய்யறவர், எஃகுப் பட்டைகளை வில்லு மாதிரி வளைச்சு அடுக்கி அதுக்கு மேல வண்டியை உக்கார வைக்கறதுக்குக் காப்புரிமை வாங்கினார். நம்ம ஊர் வில்வண்டிக்கு அந்தப் பேர் வந்ததும் இதே வில்லாலதான். குதிரையைக் கழட்டிட்டு என்ஜினை மாட்டினப்போ பட்டை ஸ்பிரிங் அப்படியே காருக்கும் வந்து சேர்ந்துது. 2014ல் தயாரிப்பு நின்ன அம்பாசடருக்குக் கடைசி வரைக்கும் பின்பக்கம் பட்டைதான்.

மெதுவாக்கினதுதான் முதல் முன்னேற்றம்

1930 வாக்குல அமெரிக்கக் கார்கள்ல முன் ஸ்பிரிங் ரொம்பக் கெட்டியா இருக்கும். முன் சக்கரம் ரெண்டும் ஒரே அச்சுல இருந்ததால, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் மெதுவாக்கினாலும் ஸ்டீயரிங் கிடுகிடுன்னு ஆட ஆரம்பிச்சுடும். அதனால கெட்டி. அதனாலேயே பின் சீட்டு ஆளுக்குத் தலை கூரையில முட்டும்.

ரோல்ஸ் ராய்ஸ்லேர்ந்து 1930ல் கேடிலாக்குக்கு வந்த மாரிஸ் ஓலி இதைப் பிடிச்சுக்கிட்டார். ஏழு பேர் உக்கார்ற ஒரு பெரிய லிமோசினை எடுத்து, அதுல நகர்த்தக்கூடிய எடைகளை மாட்டி, முன் பின் ஸ்பிரிங்கையும் மாத்தி மாத்திப் போட்டு ஆளுங்களை ஏத்தி ஓட்டிப் பாத்தார். கிடைச்ச விடை: முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கை விட மெதுவா இருக்கணும். ஏன்னா மேட்டுல முதல்ல ஏறுறது முன் சக்கரம். பின் சக்கரம் ஒரு நொடியோட சின்னத் துண்டு தாமதமாத்தான் ஏறும். பின்பக்கம் கொஞ்சம் வேகமா ஆடினா, முன்பக்கத்தை எட்டிப் பிடிச்சு, ரெண்டும் சேர்ந்து மட்டமா அடங்கும். இல்லைன்னா வண்டி தலையாட்டி பொம்மை.

முன் ஸ்பிரிங்கை மெதுவாக்கணும்னா ஒரே அச்சை விட்டாகணும். 1934 மாடல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள்ல முன் சக்கரங்கள் தனித்தனியா ஏறி இறங்க ஆரம்பிச்சது இப்படித்தான். கவனிங்க, ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கி யாரும் இங்க முன்னேறலை. மெதுவாக்கறதுக்கு வழி தேடித்தான் முன்னேறினாங்க.

சரி, பந்தயக்காரர் என்ன பண்ணினார்?

'அதெல்லாம் சோபா மாதிரி ஓடற அமெரிக்க வண்டி, ஸ்போர்ட்ஸ் காருக்கு வேற நியாயம்'னு சொல்லலாம். நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். ஆனா லோட்டஸ் காலின் சாப்மன் 1962ல் கொண்டு வந்த எலான், வளைவுல ஓட்டறதுக்குன்னே பேர் வாங்கின கார். அதோட ஸ்பிரிங் மெத்துனு இருக்கும். சேஸிஸ் கெட்டி, வண்டி எடை கம்மி, ஸ்பிரிங் மெது, அது அளவுக்கு மேல ஆடாம அடக்க நல்ல ஷாக் அப்சார்பர். டயர் ரோட்டுல இருந்தாத்தான் பிடிப்பு. அந்தரத்துல தாவற டயருக்கு எவ்வளவு விலை குடுத்திருந்தாலும் பிடிப்பு பூஜ்யம்.

அப்புறம் கெட்டி ஸ்பிரிங் மோகம் எப்ப வந்துது? அதுக்கும் இதே சாப்மன்தான் காரணம். 1977ல் லோட்டஸ் 78, 1978ல் லோட்டஸ் 79. காரோட அடிப்பகுதியையே தலைகீழ் விமான இறக்கை மாதிரி செஞ்சு, ரெண்டு பக்கமும் தரையைத் தொடற பாவாடை மாட்டினாங்க. அடியில போற காத்து வண்டியைத் தரையோட உறிஞ்சிப் பிடிச்சுது. 1978 ஃபார்முலா 1 பட்டம் மரியோ ஆண்ட்ரெட்டிக்கு. இந்த வித்தை வேலை செய்யணும்னா தரைக்கும் வண்டிக்கும் நடுவுல இருக்கற இடைவெளி மாறவே கூடாது. அதனால ஸ்பிரிங் கல்லாச்சு.

1981ல் நகரும் பாவாடைக்குத் தடை, நிக்கறப்போ 6 செ.மீ. இடைவெளி கட்டாயம்னு விதி வந்துது. பிரபாம் குழு, நிறுத்தி அளக்கறப்போ 6 செ.மீ., வேகத்துல தானா கீழ இறங்கற மாதிரி ஒரு சஸ்பென்ஷனைச் செஞ்சாங்க. மத்தவங்களும் காப்பி அடிச்சாங்க. ஸ்பிரிங்னு பேருக்கு ஒண்ணு இருக்கும், கிட்டத்தட்ட ஆடவே ஆடாது. முதுகு உடைஞ்சது ஓட்டினவங்களுக்கு. சாப்மன் அதே வருஷம் லோட்டஸ் 88னு ஒரு காரைக் கொண்டு வந்தார். ஒரு காருக்குள்ள ரெண்டு சேஸிஸ்: காத்துக்கு ஒண்ணு, கெட்டியா, டிரைவருக்கு ஒண்ணு, மெதுவா. பந்தயத்துல ஓட விடலை. 1983ல் தட்டையான அடிப்பகுதி கட்டாயமாகி அந்த அத்தியாயம் முடிஞ்சுது.

கெட்டி ஸ்பிரிங்குக்கு அந்தக் கார்கள்ல ஒரு நியாயமான காரணம் இருந்துது: காத்து. டிவியில பாத்த நமக்கு காத்து தெரியலை. தாழ்வா, விறைப்பா ஓடற வண்டி மட்டும் தெரிஞ்சுது. புலியைப் பாத்து பூனை சூடு போட்டுக்கிட்ட கதை இங்கதான் ஆரம்பம்.

ஸ்பிரிங் விக்கறவங்களைத் திட்டறதா நினைக்க வேண்டாம். ஜெர்மனியோட ஃபின்னென்ட்ராப்ல 1951லேர்ந்து இருக்கற ஐபாக் மாதிரியான கம்பெனிகள் ஒழுங்கா கணக்குப் போட்டுத்தான் ஸ்பிரிங் சுத்தறாங்க. அந்த ஊர்ல இப்படிப் போட்டா சான்றிதழ் வேணும், அதிகாரி வந்து பாக்கணும். அந்த ரோட்டுக்கு அந்த ஸ்பிரிங் சரி. நம்ம ரோட்டுக்கு?

இப்ப நம்ம வண்டிக்குக் கணக்கு

ஒரு உதாரணத்துக்கு: புது ஸ்பிரிங் 25 சதவீதம் கெட்டி, 30 மி.மீ. தாழ்வு.

முதல்ல அதிர்வு. சாதாரண கார் நொடிக்கு 1 முதல் 1.5 தடவை ஆடும். ஸ்பிரிங் 25 சதவீதம் கெட்டியானா, வர்க்கமூலம் எடுக்கணும், ஆட்டம் 12 சதவீதம் வேகமாகும். 1.3 இருந்தது 1.45. பெரிய விஷயம் இல்லை. ஆனா பழைய ஷாக் அப்சார்பரோட அடக்கற திறன் அந்த ஸ்பிரிங்குக்கு 10 சதவீதத்துக்குக் கிட்ட குறைஞ்சுடும். 'ஸ்பிரிங் மட்டும் மாத்தினேன், வண்டி துள்ளுது'ன்னு புலம்பறதுக்குக் காரணம் இதுதான்.

அடுத்தது வீரியமானது. ஓடற நிலையிலேர்ந்து ரப்பர் பம்ப் ஸ்டாப்ல இடிக்கற வரைக்கும் 80 மி.மீ. இடம் இருக்குன்னு வைங்க. 30 இறக்கினா மிச்சம் 50. ஸ்பிரிங் வாங்கிக்கற ஆற்றல் அமுங்கற தூரத்தோட வர்க்கம். 80க்கு 6400, 50க்கு 2500. அதே குழியைப் பழைய மாதிரி இடிக்காம தாங்கணும்னா ஸ்பிரிங் 2.56 மடங்கு கெட்டியா இருக்கணும். நாம வாங்கறது 1.25 மடங்கு. அதாவது தாங்கற சக்தி பாதிக்கும் கீழ. மீதியை ரப்பர் வாங்கும், ரப்பர் விட்டதை முதுகு வாங்கும்.

என் வண்டியோட பின் சீட்டுல மாசம் ரெண்டு தடவை சென்னைக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவுல வர்றது எங்கம்மா. இடுப்புல எல்4-எல்5 டிஸ்க் பிரச்சினை. உக்காந்திருக்கற மனுஷ உடம்பு மேலும் கீழுமான அதிர்வை அதிகமா உணர்றது நொடிக்கு 4 முதல் 8 தடவைங்கற பகுதியில. ஸ்பிரிங் கெட்டியாக ஆக, அந்தப் பகுதி அதிர்வு சீட்டுக்கு இன்னும் கொஞ்சம் தாராளமா வரும். எனக்கு இது வெறும் கணக்கு இல்லை.

மூணாவது ஸ்பீட் பிரேக்கர். ஐஆர்சியோட 1988 கையேட்டுப்படி வட்ட வளைவு மேடு 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் நீளம். என் வண்டிக்கு வீல்பேஸ் 2.65 மீட்டர். மேடு நடுவயித்துக்குக் கீழ வர்றப்போ நாலு சக்கரமும் மேட்டு மேலயே இருக்கும், நஷ்டம் சுமார் 5 செ.மீ. தான். ஆனா டீக்கடைக்கு முன்னாடி ராத்திரியோட ராத்திரியா போட்ட குட்டை மேட்டுக்கு இந்தக் கருணை கிடையாது. 12 செ.மீ. உயரம்னா 12ம் நஷ்டம். 149ல அஞ்சு ஆளும் லக்கேஜும் ஏறினா மிச்சத்தை நீங்களே கழிச்சுப் பாருங்க.

நாலாவது, முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஃபோர்டு என்ஜினியர் எர்ல் மெக்ஃபர்சன் பேரைச் சொல்ற இந்த அமைப்பு, 1950ல் இங்கிலாந்துல அறிமுகமான கான்சல், ஸெஃபர் கார்கள் மூலமா பரவிச்சு. சிக்கனம், இடம் மிச்சம். ஆனா ரொம்ப இறக்கினா கீழ இருக்கற கை மேல் நோக்கிச் சாய்ஞ்சுடும். அப்ப வண்டி எந்தப் புள்ளியை வச்சு சாயுதோ அந்தப் புள்ளி, வண்டியோட எடை மையத்தை விட வேகமா கீழ போயிடும். தாழ்வா இருக்கும், ஆனா வளைவுல சாய வைக்கற நெம்புகோல் நீளமாகும். ஸ்பிரிங்ல கூட்டின கெட்டியோட ஒரு பங்கு இதை ஈடுகட்டறதுக்கே போயிடும்.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புலேர்ந்து மாத்தக் கூடாதுங்குது. 2019ல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிச்சு. நாளைக்கு விபத்துன்னா இன்சூரன்ஸ்காரர் முதல்ல வண்டிக்கு அடியிலதான் குனிவார்.

அப்ப யாருக்குத்தான் வேணும்?

உங்க குறை என்னன்னு முதல்ல பிரிச்சுப் பாருங்க. மேட்டுல ஏறி இறங்கினதும் ரெண்டு மூணு தடவை ஆடுதா? அது ஷாக் அப்சார்பர் வேலை. வளைவுல சாயுதா? ஆன்ட்டி ரோல் பார். பிடிப்பு போதலையா? டயர், காத்தழுத்தம், அலைன்மென்ட். இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு அடிக்கடி வண்டியைக் கொண்டு போறவரா? அப்ப ஸ்பிரிங்கையும் அதுக்குப் பொருத்தமான ஷாக்கையும் சேர்த்தே மாத்துங்க, அர்த்தம் இருக்கு. பாக்க நல்லா இல்லையா? அதுவும் ஒரு காரணம்தான். 'அழகுக்காக'ன்னே சொல்லிட்டு, அதுக்கு என்ன விலைன்னு தெரிஞ்சு போடுங்க. 'ஹேண்ட்லிங்'னு அதுக்குப் பேர் வைக்க வேண்டாம்.

என் முடிவு: கம்பெனி ஸ்பிரிங் அப்படியே இருக்கட்டும். ஷாக் அப்சார்பர் ஆயுசு முடியறப்போ, இதே உயரத்துக்குத் தோதான நல்ல ஷாக் போடறதா உத்தேசம். அதுவரைக்கும் வேட்டி தூக்கிக் கட்டினபடியே இருக்கும்.

கொசுறு: எவன் பேச்சையும் நம்பாம நீங்களே அளக்கலாம். வண்டியைச் சமதரையில நிறுத்தி, சக்கர மையத்துக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவுல டேப் பிடிச்சு நாலு மூலையும் எழுதிக்கங்க. எடை தெரிஞ்ச நாலு நண்பர்களை ஏத்தி, வண்டியைக் கொஞ்சம் முன்ன பின்ன உருட்டிட்டு, மறுபடி அளங்க. எத்தனை மில்லி இறங்குச்சோ அதுல 30ஐயும் கூட்டினா, புது ஸ்பிரிங் போட்டு குடும்பத்தோட போறப்போ வண்டி எங்க நிக்கும்னு உத்தேசமா தெரிஞ்சுடும். ஸ்பிரிங்குக்குக் காசு கட்டறதுக்கு முன்னாடி ஒரு டேப் வாங்குங்க.