இந்தியத் துடுப்பாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அமைப்பு விதிகள்

இந்தியத் துடுப்பாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அமைப்பு விதிகள் என்பவை, கிரிக்கெட் என வழங்கும் துடுப்பாட்டத்தை இந்தியாவில் நிர்வகிக்கும் சங்கத்தின் உறுப்புரிமை, தேர்தல், பதவிக்காலம், தகுதியின்மை, விதித்திருத்தம் ஆகியவற்றை வரையறுக்கும் ஆவணம் ஆகும். பழைய விதிகளுக்கு மாற்றாக, உச்ச நீதிமன்றம் ஏற்பளித்த புதிய விதிகள் 2018 ஆகஸ்ட் 21 அன்று சென்னையில் சங்கப் பதிவாளரிடம் பதிவு செய்யப்பட்டன. பின்னர் 2022இல் அவற்றுள் சில திருத்தப்பட்டன.

சென்னைப் பதிவு

இவ்வாரியம் ஓர் அரசுத்துறை என்று பலரும் எண்ணுவதுண்டு. அது சரியன்று. 1928இல் தோன்றிய இவ்வமைப்பு 1940இல் சென்னையில் சங்கமாகப் பதிவு செய்யப்பட்டது. பின்னாளில் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 அதற்குப் பொருந்துவதாயிற்று. மயிலாப்பூரில் ஒரு சபாவும் அடையாற்றில் ஒரு குடியிருப்போர் நலச்சங்கமும் எச்சட்டத்தின்கீழ் பதிவாகின்றனவோ, அதே சட்டத்தின்கீழ்தான் உலகின் மிகச் செல்வம் மிகுந்த துடுப்பாட்ட வாரியமும் இயங்குகிறது. அதன் தலைமையகம் மும்பையில் இருப்பினும் விதிகளை மாற்றினால் சென்னைக்கே வந்து பதிய வேண்டும். பதிவுத்துறையின் தலைமை அலுவலகம் சாந்தோம் நெடுஞ்சாலையில் உள்ளது.

மேற்கண்ட சட்டத்தின்படி, ஒரு சங்கம் தன் துணை விதிகளைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதாவது முறையாக முன்னறிவிப்புக் கொடுத்துக் கூட்டிய பொதுக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரிக்க வேண்டும். திருத்தம் எவ்வாறு நிறைவேறியது என்பதையே இச்சட்டம் முதன்மையாகக் கவனிக்கிறது. அத்திருத்தம் நல்லதா, யாருக்குப் பயன்படுகிறது என்று அது கேட்பதில்லை. வாரியத்தின் வரலாற்றில் சிக்கல் எழுந்தது இந்த இடத்தில்தான்.

விதி 6.2.4

வாரிய நிர்வாகிகளுக்கான ஒழுங்கு விதிகளில் 6.2.4 என்னும் எண்ணுடைய விதி ஒன்று இருந்தது. வாரியம் நடத்தும் ஆட்டங்களில் எந்த நிர்வாகியும் நேரடியாகவோ மறைமுகமாகவோ வணிக நலன் கொண்டிருக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஊர்ச் சங்கங்களிலும் இத்தகைய விதியைக் காணலாம்: பொருளாளரே சங்கத்துக்குப் பந்தல் போடும் குத்தகையை எடுக்கக் கூடாது என்பதற்கு ஒப்பானது.

2008 சனவரியில் இந்தியன் பிரீமியர் லீக் அணிகள் ஏலம் விடப்பட்டபோது, சென்னை அணியை இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் 9.1 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அந்நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த என். ஸ்ரீநிவாசன் அப்போது வாரியத்தின் பொருளாளராகவும் இருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் நடந்த பொதுக்குழுவில் விதி 6.2.4 திருத்தப்பட்டது. தடை நீடித்தது, ஆனால் பிரீமியர் லீக், சாம்பியன்ஸ் லீக் போன்ற போட்டிகள் அதிலிருந்து விலக்கப்பட்டன. ஒரு வாக்கியத்தின் இறுதியில் சேர்ந்த சில சொற்கள்தாம். ஆயினும் வாரியத்தின் வருவாயில் பெரும்பகுதி எப்போட்டியிலிருந்து வரவிருந்ததோ, அப்போட்டிக்கே விதி பொருந்தாமற் போயிற்று. ஸ்ரீநிவாசன் பின்னர்ச் செயலாளராகவும், 2011இல் தலைவராகவும் ஆனார்.

இதனை எதிர்த்து முதலில் நீதிமன்றம் சென்றவரும் சென்னைக்காரரே. வாரியத்தின் முன்னாள் தலைவரான ஏ. சி. முத்தையா தொடுத்த வழக்கில், 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். ஆகவே திருத்தம் நிலைத்தது.

2015 தீர்ப்பு

2013 மே மாதம் பிரீமியர் லீக் சூதாட்ட விவகாரம் வெடித்தது. பீகார் துடுப்பாட்டச் சங்கம் தொடர்ந்த வழக்கு மும்பை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. நீதிபதிகள் டி. எஸ். தாக்கூர், எப். எம். இப்ராகிம் கலிபுல்லா ஆகியோர் 2015 சனவரி 22 அன்று தீர்ப்பளித்தனர். ஸ்ரீநிவாசனின் மருமகனும் சென்னை அணியின் அலுவலருமான குருநாத் மெய்யப்பன் பந்தயம் கட்டியது மெய்ப்பிக்கப்பட்டதாகத் தீர்ப்பு கூறியது. ஸ்ரீநிவாசன் அதை மூடிமறைத்தார் என்னும் குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் அதே தீர்ப்பு கூறியது. இவ்விரண்டாவது பகுதி பல செய்திகளில் விடுபட்டுவிடுகிறது.

விதிகளைப் பொறுத்தவரை இத்தீர்ப்பின் முதன்மை வேறிடத்தில் உள்ளது. அரசமைப்பின் 12ஆம் உறுப்பு கூறும் பொருளில் வாரியம் 'அரசு' அன்று என்பது 2005இலேயே சீ டெலிபிலிம்ஸ் வழக்கில் முடிவான ஒன்று. ஆயினும் அது பொதுப்பணி ஆற்றுவதால் 226ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தின் ஆய்வுக்கு உட்பட்டதே என்று 2015 தீர்ப்பு நிறுவியது. 2008 திருத்தத்தைச் செல்லாது என நீக்கியது. வணிக நலன் உடையவர் அந்நலனைக் கைவிடும் வரை வாரியத் தேர்தலில் நிற்கலாகாது என்றது. பொதுக்குழு தீர்மானித்துவிட்டது என்பது மட்டும் ஒரு திருத்தத்தைக் காக்கப் போதாது என்பது இதனால் தெளிவாயிற்று.

லோதா குழு

அதே தீர்ப்பு முன்னாள் தலைமை நீதிபதி ஆர். எம். லோதா தலைமையில், அசோக் பான், ஆர். வி. இரவீந்திரன் ஆகிய முன்னாள் நீதிபதிகளைக் கொண்ட குழுவை அமைத்தது. இக்குழு 2015 சூலையில் சென்னை, ராஜஸ்தான் அணிகளை நடத்திய நிறுவனங்களை இரண்டாண்டுகள் விலக்கியது. 2016 சனவரி 4 அன்று சீர்திருத்த அறிக்கையை அளித்தது. அதன் பெரும்பாலான பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2016 சூலை 18 அன்று ஏற்றது.

ஒரு மாநிலத்துக்கு ஒரு வாக்கு. நிர்வாகிகளுக்கு எழுபது வயது வரம்பு. அமைச்சர்களும் அரசு ஊழியர்களும் பதவி வகிக்கத் தடை. ஒவ்வொரு மூன்றாண்டுப் பதவிக்காலத்துக்குப் பின்னும் இடைவெளி. பழைய செயற்குழுவுக்கு மாற்றாக ஒன்பது பேர் கொண்ட உச்சக்குழு ஆகியன முக்கியப் பரிந்துரைகள். உச்சக்குழுவில் வீரர் ஒருவர், வீராங்கனை ஒருவர், தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் நியமனர் ஒருவர் இடம்பெறுவர். ஆடுவோருக்குத் தம் சங்கத்தின் மேசையில் நாற்காலி கிடைக்க வாரியம் தோன்றி ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின.

வாரியம் எளிதில் இணங்கவில்லை. 2017 சனவரி 2 அன்று தலைவர் அனுராக் தாக்கூரையும் செயலாளர் அஜய் சிர்க்கேயையும் நீதிமன்றம் நீக்கியது. அம்மாத இறுதியில் வினோத் ராய் தலைமையில் நிர்வாகிகள் குழுவை நியமித்தது.

2018 விதிகள்

2018 ஆகஸ்ட் 9 அன்று தீபக் மிஸ்ரா, ஏ. எம். கான்வில்கர், டி. ஒய். சந்திரசூட் ஆகியோர் கொண்ட அமர்வு இறுதி வடிவத்தை வழங்கியது. இது 2016ஐ விடத் தளர்ந்தது. மும்பை, விதர்பா, பரோடா, சௌராட்டிரம் போன்ற பழைய உறுப்பினர்களுக்கும், தொடருந்துத்துறை, படைத்துறை, பல்கலைக்கழக அமைப்புகளுக்கும் வாக்கு திரும்பக் கிடைத்தது. இடைவெளி ஒரு பதவிக்காலத்துக்குப் பின் என்பதற்கு மாறாக, தொடர்ந்த இரண்டு பதவிக்காலங்களுக்குப் பின் என்றாயிற்று. விதிகளை உடனே பதியுமாறு தமிழ்நாட்டுச் சங்கப் பதிவாளருக்கு ஆணையிடப்பட்டது. பன்னிரண்டே நாட்களில் பதிவு முடிந்தது.

இவ்விதிகளில் மாணவர் கூர்ந்து நோக்கத்தக்கது விதி 45. திருத்தத்துக்கு நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும் என்பதோடு, உச்ச நீதிமன்றத்தின் அனுமதியின்றி அது நடைமுறைக்கு வராது என்றும் அது கூறுகிறது. 2008இல் நடந்ததைப் போன்று மீண்டும் நடவாமல் தடுப்பதற்கான பூட்டு இது எனலாம். தன்னாட்சியுள்ள ஒரு சங்கத்துக்கு இத்தகைய பூட்டு தகுமா என்ற கேள்வி ஞாயமானதே. ஆனால் சாவியை உறுப்பினரிடமே விட்டபோது என்ன ஆயிற்று என்பதும் பதிவில் உள்ளது.

தமிழ்நாட்டில்

வாரிய விதிகள் மாறினால் அதன் உறுப்புச் சங்கங்களும் தம் விதிகளை மாற்ற வேண்டும். சேப்பாக்கத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு துடுப்பாட்டச் சங்கம் கழகங்களாலும் மாவட்டச் சங்கங்களாலும் ஆனது. மயிலாப்பூர் ரெக்ரியேஷன் கிளப் போன்ற பழைய கழகங்கள் இதன் லீக் போட்டிகளில் ஆடி வந்துள்ளன. 2019 செப்டம்பரில் இச்சங்கத்தின் தலைவராக ரூபா குருநாத் போட்டியின்றித் தேர்வானார். வாரியத்தின் உறுப்புச் சங்கம் ஒன்றுக்குப் பெண் ஒருவர் தலைவரானது இதுவே முதல்முறை. எனினும் சங்கத்தின் விதிகள் வாரிய விதிகளோடு முழுதும் பொருந்தவில்லை என்று கூறி, 2019 அக்டோபர் 23 அன்று நடந்த வாரியப் பொதுக்குழுவில் கலந்துகொள்ள நிர்வாகிகள் குழு தமிழ்நாட்டை அனுமதிக்கவில்லை. அக்கூட்டத்தில்தான் சௌரவ் கங்குலி தலைவரானார்.

பின்வந்த திருத்தங்கள்

புதிய விதிகளின்படி தேர்வான நிர்வாகம் பொறுப்பேற்று ஆறு வாரங்களுக்குள், 2019 டிசம்பர் 1 அன்று பொதுக்குழுவைக் கூட்டி, இடைவெளி விதியைத் தளர்த்தவும் நீதிமன்ற அனுமதி என்னும் நிபந்தனையை நீக்கவும் தீர்மானித்தது. ஆனால் விதி 45 இருந்தமையால் தீர்மானங்கள் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டியதாயிற்று. 2022 செப்டம்பர் 14 அன்று நீதிமன்றம் இடைவெளி விதியைத் தளர்த்த இசைந்தது. அதன்படி ஒருவர் மாநிலச் சங்கத்தில் ஆறாண்டும் அதைத் தொடர்ந்து வாரியத்தில் ஆறாண்டும் பதவி வகிக்கலாம். அதன் பின்னரே மூன்றாண்டு இடைவெளி.

வயது வரம்பு செயற்பட்டதற்கு 2025 சான்று: கங்குலிக்குப் பின் தலைவரான ரோஜர் பின்னி அவ்வாண்டு சூலையில் எழுபது வயதை எட்டினார், செப்டம்பரில் மிதுன் மன்ஹாஸ் தலைவராகத் தேர்வானார். அதே ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டமோ, பன்னாட்டு அமைப்பின் விதிகள் இடமளித்தால் எழுபது முதல் எழுபத்தைந்து வயதினரும் போட்டியிடலாம் என்கிறது.