சிறையில் இருந்தவரை ஒதுக்கிவிட்டுப் பேசிய பேச்சு

1971-இல் பாகிஸ்தான் நெருக்கடியைத் தீர்க்கப் பேச்சுவார்த்தைகளுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. இஸ்லாமாபாத், வாஷிங்டன், மாஸ்கோ, புதுதில்லி என எல்லாத் தலைநகரங்களிலும் தூதர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் உடன்பாட்டுக்கு உயிர் கொடுக்கக்கூடிய ஒரே மனிதரோடு யாரும் பேசவில்லை. 1970 டிசம்பர் தேர்தலில் 300 பொதுத்தொகுதிகளில் 160-ஐ ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் வென்றிருந்தது. கிழக்குப் பாகிஸ்தானின் 162 இடங்களில் இரண்டை மட்டுமே இழந்தது. சட்டப்படி பிரதமராகியிருக்க வேண்டியவரை மார்ச் 25 நள்ளிரவை ஒட்டி ராணுவம் டாக்காவில் கைதுசெய்து, மேற்குப் பாகிஸ்தான் சிறையில் அடைத்தது. அந்தச் சிறைக்கதவைத் திறக்க மறுத்ததுதான் மற்றெல்லாப் பேச்சுகளையும் வீணாக்கியது.

அந்த மாதங்களின் ராஜதந்திரத்தைக் கூர்ந்து பார்த்தால், முஜிபின் உயிரைப் பற்றிப் பேசினார்களே தவிர அவருடைய இடத்தைப் பற்றிப் பேசவில்லை என்பது தெரியும். ஆகஸ்டில் லயால்பூரில் ரகசிய ராணுவ விசாரணை தொடங்கியதும் இந்திரா காந்தி உலகத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கத் தூதர் ஃபார்லண்ட் மரணதண்டனை வேண்டாம் என்று பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கானிடம் வலியுறுத்தினார். கைதியைக் கொல்லாமல் விடுவதே பெரிய சலுகையாகக் கருதப்பட்டது. கல்கத்தாவில் அவாமி லீக் பிரமுகர் ஒருவரோடு அமெரிக்கர்கள் ரகசியமாகத் தொடர்பு கொண்டபோது, முஜிப் இல்லாத உடன்பாடு நிற்காது என்பதே அங்கிருந்து வந்த செய்தி. யாஹ்யாவோ, அவாமி லீக் உறுப்பினர்கள் 79 பேரின் பதவியைப் பறித்து இடைத்தேர்தல் அறிவித்தார். மக்கள் தேர்ந்தெடுத்தவர்களை விலக்கிவிட்டு, தமக்கு இசைவான ஆட்களைத் தேடியது அந்த ஆட்சி.

இந்தியா சமரசத்தை விரும்பவில்லை, வங்காள விடுதலைப் படையான முக்தி வாகினிக்குப் பயிற்சி தந்துகொண்டே சமாதானம் பேசியது என்பார்கள். பயிற்சி தந்தது உண்மை. ஆனால் சுமார் ஒரு கோடி அகதிகளைச் சுமந்த இந்தியாவின் வாதத்துக்கு உலக அரங்கில் வலுச் சேர்த்தது, தேர்தலில் வென்றவர் சிறையில் கிடந்ததே. அவரை விடுவித்திருந்தால் முதலில் வலுவிழந்திருப்பது அந்த வாதம்தான். இன்னும் சில மாதம் பொறுத்திருந்தால் கிழக்குக்குச் சுயாட்சி வந்திருக்கும் என்று அமெரிக்க அதிபர் நிக்ஸனின் ஆலோசகர் கிஸிஞ்சர் பின்னர் எழுதினார். நவம்பரில் நிக்ஸனை இந்திரா சந்தித்த வேளையிலும் முஜிபோடு பேச யாஹ்யா ஒப்பவில்லை. பேச மறுப்பவருக்கு எந்தக் காலஅவகாசமும் போதாது. மார்ச்சில் ராணுவம் கிழக்கில் நடத்திய படுகொலைகளுக்குப் பிறகு முஜிபாலும் விடுதலைக்குக் குறைவான எதையும் ஏற்றிருக்க முடியாது என்ற ஆட்சேபம்தான் கனமானது. அது சரியாகவே இருக்கலாம். அப்படியானாலும் பிரிவினை எத்தகையது என்பது எஞ்சியிருந்தது: போரில் முடிவதா, மேசையில் முடிவதா என்பதைத் தீர்மானிக்க அவரை விட்டால் ஆள் இல்லை.

இது பின்னோக்கிப் பார்த்துச் சொல்லும் ஞானமும் அல்ல. அகர்தலா சதி வழக்கில் சிறையிலிருந்த இதே முஜிப், 1969-இல் பரோலில் வந்து வட்டமேசை மாநாட்டில் கலந்துகொள்ள மறுத்தார். அப்போதைய அதிபர் அயூப் கான் வழக்கையே கைவிட்டு, பிப்ரவரி 22 அன்று அவரை விடுவித்த பின்னரே அவர் ராவல்பிண்டி சென்று பேசினார். அந்த முன்னுதாரணம் நடந்து இரண்டே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. யாஹ்யா அதை ஒதுக்கினார். டிசம்பர் 16 அன்று அவருடைய கிழக்குப் படை டாக்காவில் சரணடைந்தது. 1972 ஜனவரி 8 அன்று, யாஹ்யாவுக்குப் பின் ஆட்சிக்கு வந்த பூட்டோ முஜிபை விடுவித்து லண்டனுக்கு அனுப்பியபோது, பேரம்பேச பாகிஸ்தானிடம் எதுவும் மிச்சமில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரைச் சிறையில் வைத்துக்கொண்டு நடத்தும் பேச்சுவார்த்தை, போருக்கான காத்திருப்பே.