மிசூரியின் இயற்கைவளப் பாதுகாப்பு வரி

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் காடு, மீன்வளம், காட்டுயிர் ஆகியவற்றுக்கான பணம் ஆண்டுதோறும் சட்டமன்றத்தின் மனநிலையைப் பொறுத்து ஏறி இறங்குவதில்லை. 1936இல் வாக்காளர்கள் ஏற்ற அரசியலமைப்புத் திருத்தம் நால்வர் கொண்ட பாதுகாப்பு ஆணையத்தை நிறுவியது. 1976இல் வந்த இன்னொரு திருத்தம், விற்பனை மீது ஒரு சதவீதத்தின் எட்டில் ஒரு பங்கு வரியை அதற்கென்றே ஒதுக்கியது. எட்டு டாலருக்குப் பொருள் வாங்குபவர் ஒரு சென்ட் செலுத்துகிறார். அதற்கு முன் வேட்டை, மீன்பிடி உரிமக் கட்டணங்களும், 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா வரியிலிருந்து கூட்டாட்சி அரசு பகிர்ந்தளித்த தொகையுமே முக்கிய வருவாய். வேட்டைக்காரர் கொடுக்கும் பணம் மானுக்கும் வான்கோழிக்கும் போவது இயல்பு. யாரும் சுடாத பாட்டுப்பறவைக்கும் புல்வெளிச் செடிக்கும் கேட்பார் இல்லை. எல்லாரிடமும் வாங்கும் வரி அந்தக் குறையைத் தணித்தது. 1984இல் பத்தில் ஒரு பங்கு சதவீத வரி ஒன்றும் சேர்ந்தது. அதில் பாதி மாநிலப் பூங்காக்களுக்கு, பாதி மண்ணரிப்பைத் தடுக்க. அப்பூங்காக்களில் நுழைவுக் கட்டணம் கிடையாது.

இந்த ஏற்பாட்டின் பலம் வரியின் அளவில் இல்லை, அரசியலமைப்பில் அதற்கு இட்ட பூட்டில் இருக்கிறது. டெக்சாஸ் 1993இலேயே விளையாட்டுப் பொருள்களின் விற்பனை வரியைப் பூங்காக்களுக்கு என்று சட்டத்தில் எழுதியது. எவ்வளவு விடுவிப்பது என்ற முடிவு சட்டமன்றத்திடமே இருந்ததால் பெரும்பகுதி வேறு செலவுகளுக்குப் போனது. 2019இல் அரசியலமைப்பைத் திருத்திய பிறகே அந்த வழி அடைபட்டது. அயோவாவில் நடந்தது இன்னும் விசித்திரம். 2010இல் இயற்கைவள அறக்கட்டளை நிதி ஒன்றுக்கு மக்கள் ஒப்புதல் தந்தார்கள்; ஆனால் அடுத்த முறை விற்பனை வரி உயரும்போதுதான் அதில் பணம் சேரும் என்பது விதி. பத்தாண்டுக்கு மேலாகியும் வரி உயரவில்லை. பெட்டி இருக்கிறது, காசு இல்லை. மினசோட்டா 2008ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தில் இன்னொரு ஓட்டையையும் அடைத்தது: புதிய வரிப்பணம் பழைய ஒதுக்கீட்டுக்கு மேல் சேர வேண்டும், அதற்கு மாற்றாகக் கூடாது.

இப்படிப் பூட்டினால் மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ அவசரமாகப் பணம் தேவைப்படும்போது அரசின் கை கட்டப்பட்டுவிடும் என்பார்கள். மிசூரியின் 1984ஆம் ஆண்டு வரி அதற்கு நியாயமான பதில் தருகிறது: அது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கே செல்லும், 1988, 1996, 2006, 2016 ஆகிய ஆண்டுகளில் மக்கள் வாக்களித்தே அதைப் புதுப்பித்தார்கள். காலவரம்பற்ற 1976ஆம் ஆண்டு வரிக்கு அந்தப் பதில் பொருந்தாது. ஏழைகளுக்குச் சுமை என்ற மறுப்பு இன்னும் வலுவானது. மளிகைப் பொருள்கள் மீதான பொது விற்பனை வரியை மிசூரி குறைத்தபோதும் இந்த இரு வரிகளும் அவற்றின்மீது அப்படியே தொடர்ந்தன. ரொட்டிக்கும் பாலுக்கும் மட்டும் விலக்குத் தந்தால் வருவாய் சிறிது குறையும், பூட்டு உடையாது.