அலகும் முனையும்: பிரிட்டனில் கத்திக் கட்டுப்பாட்டுச் சட்டங்களின் வளர்ச்சி (1953–2025)

முன்னுரை

அன்றாடம் புழங்கும் கத்திகளுக்குக் கட்டுப்பாடு விதித்தால் வன்குற்றங்கள் குறையுமா? இக்கேள்விக்குச் சட்டத்தின் வழியே நெடுங்காலமாக விடை தேடிவரும் நாடு பிரிட்டன். எழுபதாண்டுகளாக அந்நாட்டுச் சட்டங்கள் எந்தக் கத்தியைக் குறிவைத்தன, எதை விட்டுவைத்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டங்களின் வளர்ச்சி

1953ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டம், தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் சாதாரணக் கத்தி வைத்திருந்தவர் மீது வழக்குத் தொடுத்தால், தாக்கும் நோக்கம் அவருக்கு இருந்ததை அரசுத் தரப்பே மெய்ப்பிக்க வேண்டும். 1959இல், பொத்தானை அழுத்தியதும் அலகு பாயும் ஃபிளிக் கத்திகளின் விற்பனை தடைசெய்யப்பட்டது.

1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம் பெரிய திருப்பம். அதன்படி, பொது இடத்தில் கூர்முனையோ அலகோ உள்ள பொருளை வைத்திருப்பவரே அதற்குக் காரணம் காட்ட வேண்டும். அலகு மூன்று அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்திக்கு விலக்கு உண்டு. தொழிலும் சமயமும் ஏற்கத்தக்க காரணங்கள். சீக்கியர் சமயக் கடமையாக அணியும் கிர்பான் எனும் குறுவாளுக்கு இவ்விதியே காப்பு.

1995 டிசம்பரில் லண்டனில் ஒரு தலைமையாசிரியர், தாக்கப்பட்ட மாணவனைக் காக்கச் சென்று பள்ளி வாசலிலேயே குத்திக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே 16 வயதுக்குட்பட்டோருக்குக் கத்தி விற்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 2007இல் அந்த வயது வரம்பு 18 ஆனது. பின்னர் 2016இல் திகில் படப் பாணியில் அமைந்த ஸோம்பி கத்திகளும், 2024 செப்டம்பரில் அவற்றை ஒத்த கத்திகளும் மச்செட் எனும் பெருங்கத்திகளும், 2025 ஆகஸ்டில் நிஞ்ஜா வாள்களும் தடைப்பட்டியலில் சேர்ந்தன.

விடுபட்ட கத்தி

இப்பட்டியல் பெரும்பாலும் தோற்றத்தால் அச்சமூட்டும் ஆயுதங்களைக் கொண்டது. ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிகழும் கொலைகளில் ஏறத்தாழ பத்தில் நான்கு கூரிய கருவிகளால் நிகழ்பவை; அவற்றில் அடையாளம் காணப்பட்ட கருவிகளுள் சமையலறைக் கத்தியே முதலிடத்தில் உள்ளது. 2024 ஜூலையில் இங்கிலாந்தின் சவுத்போர்ட் நகரில் மூன்று சிறுமிகளைக் கொன்றவரும் இணையத்தில் வாங்கிய சமையலறைக் கத்தியையே பயன்படுத்தினார். அப்போது அவருக்கு வயது 17. அதன் பின்னர் இணைய விற்பனையில் வயதுச் சோதனையை மேலும் கடுமையாக்க அரசு முனைந்தது. ஆனால் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கத்தியை எந்த வயது வரம்பும் தடுக்காது.

முனை பற்றிய விவாதம்

அப்படியானால் கத்தியின் வடிவத்தையே மாற்றலாமா? தோலைத் துளைக்கும்வரைதான் கத்திக்கு எதிர்ப்பு. துளைத்த பின் சிறு விசையிலேயே அது ஆழமாக இறங்கிவிடும், முனையின் கூர்மையே இதில் முதன்மையானது என்று தடயவியல் மருத்துவர் பெர்னார்ட் நைட் 1975இல் காட்டினார். 2005இல் அவசர சிகிச்சை மருத்துவர் மூவர், நீண்ட கூர்முனைக் கத்திகளின் விற்பனையைத் தடைசெய்யுமாறு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர். அவர்கள் கேட்டறிந்த 10 சமையல் வல்லுநர்களில் ஒருவர்கூட நீண்ட கூர்முனை இன்றியமையாதது என்று சொல்லவில்லை. காய் நறுக்குவதும் இறைச்சி வெட்டுவதும் அலகின் வேலைதானே! 2019இல் நாட்டிங்ஹாம்ஷயர் காவல்துறை, குடும்ப வன்முறை நிகழ்ந்த வீடுகளுக்கு முனை மழுங்கிய கத்திகளைச் சோதனை முறையில் வழங்கியது.

முனை இல்லையென்றால் வேறு ஆயுதத்தை எடுப்பார்கள் என்பது வலுவான மறுப்பு. திட்டமிட்டுக் கொல்பவருக்கு அது பொருந்தும். ஆத்திரத்தில் கைக்கு எட்டியதை எடுப்பவருக்குப் பொருந்தாது. இதற்கு ஓர் ஒப்புமை உண்டு: இலங்கையில் கொடிய பூச்சிக்கொல்லிகள் 1995, 1998ஆம் ஆண்டுகளில் தடைசெய்யப்பட்டபின், 2005க்குள் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. தற்கொலையும் கொலையும் வேறானவை. ஆயினும் கணநேர வெறியில் கைக்கு எட்டும் பொருளின் கொடுமையே உயிரிழப்பைத் தீர்மானிக்கிறது என்பதற்கு அது சான்று.

கிளாஸ்கோ தரும் பாடம்

2005இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் காவல்துறை வன்முறைக் குறைப்புப் பிரிவைத் தொடங்கி, வன்முறையைப் பொதுச் சுகாதாரச் சிக்கலாக அணுகியது. கும்பல் இளைஞர்களை நீதிமன்றத்துக்கு அழைத்து, வேலையும் பயிற்சியும் ஒருபுறம், கடும் தண்டனை மறுபுறம் என இரு வழிகளையும் முன்வைத்தனர். கத்தி வைத்திருப்பதற்கான தண்டனையும் கூட்டப்பட்டது. பத்தாண்டுகளில் ஸ்காட்லாந்தில் கொலைகள் ஏறத்தாழ பாதியாயின.

முடிவுரை

தோற்றத்தைப் பார்த்துத் தடைவிதிக்கும் சட்டங்கள் அடுத்த வடிவத்தைத் துரத்திக்கொண்டே இருக்கும். சமையலறைக் கத்தியை ஒழிக்க இயலாது, ஒழிக்கவும் வேண்டாம். இனி விற்கப்படும் நீண்ட கத்திகளின் முனையை மழுக்குவதும், கிளாஸ்கோ போல இளைஞரிடம் முன்கூட்டியே செல்வதும் சேர்ந்து நடந்தால்தான் உயிர்கள் காக்கப்படும். சட்டமியற்றுவோர் அடுத்த தடைப்பட்டியலுக்கு முன் இவ்விரண்டையும் கையிலெடுக்க வேண்டும்.