சண்டைக்குப் பிறக்காத வளைவு

இன்னைக்கு எபிசோடு ஒரு கத்தியைப் பத்தி. போன வாரம்தான் கைக்கு வந்துச்சு. பிரான்ஸ் நாட்டு ஓப்பினெல் கம்பெனியோட எட்டாம் நம்பர் கவாத்துக் கத்தி. பீச் மரக் கைப்பிடி, துருப்பிடிக்காத எஃகு, கிளி மூக்கு மாதிரி உள்பக்கமா வளைஞ்ச பிளேடு. மடக்கினா பேண்ட் பாக்கெட்டுக்குள்ள போயிடும். கத்தி சேகரிக்கிறவங்க கொட்டுற காசோட ஒப்பிட்டா விலை ரொம்பக் கம்மி.

ஆபீஸ்ல காட்டினதும் வந்த முதல் கேள்வி, "என்ன ப்ரோ, கராம்பிட்டா?" நியாயம்தான். 2013-ல கவுன்டர்-ஸ்ட்ரைக்குல கத்தி ஸ்கின்கள் வந்ததுல இருந்து, நம்ம தலைமுறைக்கு வளைஞ்ச கத்தின்னா அது ஒண்ணுதான் ஞாபகம் வருது. ஆனா இந்த வளைவு சண்டைக்குப் பிறந்தது இல்லை. திராட்சைத் தோட்டத்துல பிறந்தது.

முதல்ல கத்தி எப்படி இருக்குன்னு சொல்லிடறேன். ஒரு கையால திறக்க முடியாது. பிளேடுல இருக்கிற சின்னப் பள்ளத்துல நகத்தை வச்சு இழுக்கணும். திறந்ததும் கழுத்துல இருக்கிற வளையத்தைத் திருகினா பிளேடு பூட்டிக்கும். ஸ்பிரிங் கிடையாது. பிளேடு, கைப்பிடி, ஒரு ரிவெட், நிலையான வளையம், சுழலும் வளையம். மொத்தமே அஞ்சு பாகம். ஒரு இன்ஜினியரா எனக்கு இதைவிட அழகான டிசைன் அதிகம் ஞாபகம் வரலை. குறை? மரம் ஈரம் குடிச்சா உப்பிடும், பிளேடு இறுக்கமா மாட்டிக்கும். கைப்பிடியோட பின்பக்கத்தை மேசையில ஒரு தட்டு தட்டினா பிளேடு கொஞ்சம் வெளிய வரும். அந்த ஊர்ல இதுக்குன்னே "சவோயார்ட் தட்டு"ன்னு ஒரு பேரும் இருக்கு. இன்னொரு குறை, தட்டையான சாணைக்கல்லுல இதைத் தீட்ட முடியாது. உருண்டைக் கம்புல உப்புத்தாள் சுத்தித்தான் தேய்க்கணும்.

வளைவு எதுக்கு? நேர்க் கத்தியைக் கொடியில வச்சு உங்களை நோக்கி இழுத்துப் பாருங்க. கொடி பிளேடு மேல நழுவி, நுனி வழியா தப்பிச்சுடும். வளைஞ்ச பிளேடு அதை விடாது. இழுக்க இழுக்க கொடி வளைவோட வயித்துக்குள்ளயே வந்து உட்கார்ந்துக்கும். அழுத்தம் குறைவாப் போதும், வெட்டும் சுத்தமா இருக்கும். நம்ம கதிர் அரிவாளும் இதே கணக்குதான்.

இது ரோமானியர்களுக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயம். கி.பி. முதல் நூற்றாண்டுல கொலுமெல்லான்னு ஒருத்தர். இன்றைய ஸ்பெயினின் காதிஸ் ஊர்ல பிறந்தவர். விவசாயத்தைப் பத்தி 12 புத்தகம் எழுதினார். அதுல நாலாவது புத்தகத்துல திராட்சைக் கவாத்துக் கத்தியை அக்கு வேறு ஆணி வேறா பிரிச்சு வைக்கிறார். ஒரே கத்தியில ஆறு பாகம், ஒவ்வொண்ணுக்கும் தனிப் பேரு. தள்ளி வெட்ட நேர் விளிம்பு, இழுத்து வெட்ட வளைவு, வெட்டின இடத்தை வழவழப்பாக்க ஒரு பகுதி, குடைய மூக்கு, ஓங்கி வெட்ட முதுகுப்பக்கம் பிறை மாதிரி ஒரு கோடாலி, இடுக்குல சுத்தம் பண்ண நுனி. நான் படிச்ச டாக்குமென்டேஷன்லயே பழசு இதுதான், பல புது மென்பொருள் கையேடுகளைவிடத் தெளிவாவும் இருக்கு!

அதுக்கப்புறம் பல நூறு வருஷம் ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்கள்ல வளைஞ்ச கத்தியோட ராஜ்யம்தான். அதை உடைச்சவர் ஒரு அரசியல்வாதி. பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயிகிட்ட கடற்படை அமைச்சரா இருந்த பெர்த்ரான் தெ மோல்வில். புரட்சியில நாட்டைவிட்டு ஓடி, திரும்பி வந்து, 1815 வாக்குல கவாத்துக் கத்தரியைக் கொண்டுவந்தார். நம்ம நர்சரிகள்ல "சிகேச்சர்"னு சொல்றாங்களே, அதோட மூதாதை. கத்தரி வேகமானது, பழகவும் சுலபம். ஆனா பழைய ஆட்கள் உடனே ஏத்துக்கலை. கத்தரி ஒரு பக்கத் தண்டை நசுக்குது, கத்தி நசுக்காதுன்னாங்க. அது உண்மையும்கூட. ஆனாலும் வேகம்தான் ஜெயிச்சது.

இந்த மாற்றத்துக்கு நடுவுலதான் ஓப்பினெல் குடும்பம் வருது. ஆல்ப்ஸ் மலையில, சவோய் பகுதி, சான்-ழான்-த-மோரியென் பக்கத்துல ஒரு கிராமம். அப்பா தானியேல் ஓப்பினெல் கோடாலி, அரிவாள், வளைஞ்ச கவாத்துக் கத்தி அடிக்கிற கொல்லர். சுத்துவட்டாரத்துல நல்ல பேரு. மகன் ஜோசெப்புக்கு மெஷின் மேல பைத்தியம். தானே ஒரு கேமரா செஞ்சு போட்டோ எடுத்தவன். 1890-ல, 18 வயசுல, மர நடுவுல ஒரு பிளவு போட்டு மடக்குக் கத்தி செஞ்சான். 1897-ல 1-லிருந்து 12 வரை நம்பர் போட்டு பன்னிரண்டு அளவு. கைப்பிடியை மெஷின்ல செஞ்சதாலதான் விலை விவசாயிக்கும் ரயில்வே தொழிலாளிக்கும் எட்டுச்சு. அப்பா அடிச்ச வளைவு பின்னாளில் மகனோட மடக்குக் கைப்பிடிக்குள்ள வந்து உட்கார்ந்தது. என் கையில இருக்கிறது அந்தக் கலவைதான்.

ஒரு பிரச்சினை மட்டும் பாக்கி இருந்துச்சு. வேலை நடுவுல பிளேடு மடங்கினா விரல் போச்சு. 1955-ல ஜோசெப்போட மகன் மார்செல் அந்தச் சுழலும் வளையத்தைக் கண்டுபிடிச்சார். பேரு விரோப்ளாக். 2000-ல இருந்து மூடின நிலையிலும் பூட்டுற மாதிரி மாத்தினாங்க, பாக்கெட்டுக்குள்ள தானா திறந்துக்காம இருக்க.

இங்கதான் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருது. பிரிட்டன்ல 1988-ம் வருஷ குற்றவியல் நீதிச் சட்டம், தகுந்த காரணம் இல்லாம பொது இடத்துல கத்தி வச்சிருக்கிறதைக் குற்றமாக்குது. விதிவிலக்கு, வெட்டு விளிம்பு 3 அங்குலத்தைத் தாண்டாத மடக்குப் பாக்கெட் கத்தி. பிளேடு பூட்டிக்கிட்டா அது "மடக்குக் கத்தி"யே இல்லைன்னு அங்க நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிடுச்சு. ஓப்பினெல் ஆறாம் நம்பர் பிளேடு 3 அங்குலத்துக்குள்ளதான். ஆனா வளையம் இருக்கே! விரலைக் காப்பாத்த வந்த வளையம்தான் அதை விதிவிலக்குலருந்து வெளிய தள்ளுது. கத்திக்குத்துல பிள்ளைகளை இழக்கிற ஊர் அது, சட்டத்தோட பயம் எனக்குப் புரியுது. ஆனா மடங்கி விரலை நறுக்கக்கூடிய கத்திக்கு அனுமதி, நறுக்காத கத்திக்கு விளக்கம் கேட்பாங்க. தோட்ட வேலைக்குப் போறேன்னு சொன்னா அது தகுந்த காரணமாகலாம். சொல்லி நிரூபிக்க வேண்டியது கத்தி வச்சிருக்கிறவர் பொறுப்பு.