உழைப்போரைப் பாடிய மலைநாட்டுக் கவிஞர்

அரசர்தம் வெற்றியையும் வள்ளல்தம் கொடையையும் பாடிய புலவர் எந்நாட்டிலும் பலர். உழுதும் சுமந்தும் ஓய்ந்த மாந்தரைப் பாடினோர் மிகச் சிலரே. ஆங்கில இலக்கியத்தில் அச்சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவர், 14ஆம் நூற்றாண்டினரான வில்லியம் லாங்லண்ட். மால்வர்ன் குன்றுகளிற் கண்ட கனவாகத் தொடங்கும் அவரது 'பியர்ஸ் ப்ளோமன்' என்னும் நெடும்பாட்டு, உண்மையை நாடுவோர்க்கு ஓர் உழவனையே வழிகாட்டியாக்கிற்று. 1381இல் ஆங்கிலக் குடியானவர் கிளர்ந்தெழுந்தபோது அவ்வுழவனின் பெயர் கிளர்ச்சியாளர் மடல்களிலும் வழங்கிற்று. அத்தகையதொரு கவிஞரை நம் மலைநாடும் பெற்றது. அவரே சி. வி. வேலுப்பிள்ளை.

1914ஆம் ஆண்டு, பூண்டுலோயாவை அடுத்த மடக்கும்புரைத் தோட்டத்தில் அவர் பிறந்தார். ஆசிரியராகவும் தொழிற்சங்கவாதியாகவும் பணிபுரிந்தார். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில், இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் தலவாக்கலைத் தொகுதியிற் போட்டியிட்டுப் பாராளுமன்றம் புகுந்தார். ஆயின், 1948இல் நிறைவேறிய குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டு அவர்தம் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்மக்கள் தம் பிரதிநிதி ஒருவரையேனும் தேர்ந்தனுப்ப இயலாது போயினர். 'இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே' என்னும் பொருள்படும் அவரது ஆங்கிலக் கவிதை நூல் வெளிவந்தது. அவையில் அடைக்கப்பட்ட குரல் பாட்டாக ஒலித்தது எனலாம்.

வைகறையில் தொழிலாளரை எழுப்பும் பறையொலியோடு அக்கவிதை தொடங்குகின்றது. காட்டை அழித்து மலையைத் தோட்டமாக்கிய முன்னோர், தேயிலைத் தூரின் கீழே மண்ணாகிக் கிடக்கும் அவலத்தை அது நினைந்து இரங்குகின்றது. போரில் வீழ்ந்தவனுக்குக் கல்நட்டு, பெயரும் பீடும் எழுதிப் போற்றியது தமிழர் மரபு. இங்கு மடிந்தோர்க்கோ கல்லுமில்லை, பெயருமில்லை. அக்குறையைத் தீர்க்க ஒருவர் சொல்லால் நட்ட நடுகல்லே இந்நூல் எனின் அது மிகையன்று.

தமிழ்த் தொழிலாளரின் துயரை ஆங்கிலத்திற் பாடியது ஏன் என்று சிலர் வினவலாம். லாங்லண்ட் வாழ்ந்த காலத்தில் திருச்சபையில் இலத்தீனும் அரசவையிற் பிரெஞ்சும் ஓங்கியிருந்தன. அவரோ மக்கள் மொழியிற் பாடினார். வேலுப்பிள்ளை மேற்கொண்ட வழி அதற்கு நேர்மாறானது. தோட்டத்துரைக்கும் ஆட்சியாளர்க்கும் விளங்கிய மொழியிலேயே மக்கள் வழக்கை எடுத்துரைத்தார். கேட்க வேண்டியவர் செவிக்கு அவ்வழியே எட்டிற்று. எனினும், யாரைக் குறித்துப் பாடினாரோ அவர்களுட் பெரும்பாலோர் அந்நூலைப் படிக்க இயலவில்லை என்பதும் மறைக்கவொண்ணா உண்மை.

இக்குறையைக் கவிஞரும் உணர்ந்திருந்தார் போலும். 'வீடற்றவன்', 'இனிப்படமாட்டேன்' முதலாய நாவல்களைத் தமிழில் எழுதினார். தோட்டந்தோறும் வாய்மொழியாய் வழங்கிய பாடல்களையும் திரட்டினார். தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கொழுந்தெடுப்போர் பாட்டிலும் எழுதப்படாத வரலாறொன்று பொதிந்திருந்ததை அவர் கண்டார். அவரது ஆங்கிலக் கவிதையும், சக்தீ பால அய்யாவின் மொழிபெயர்ப்பால், 'தேயிலைத் தோட்டத்திலே' என்ற பெயருடன் தமிழுக்கு மீண்டது. பறையும் பாட்டும் தாம் பிறந்த மொழிக்கே திரும்பின.

1984இல் அவர் மறைந்தார். எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறிற்று. அதனைக் காண அவர் இருந்திலர். ஆயினும், ஏடுகள் ஒரு மக்கட்கூட்டத்தை ஆள்கணக்காக மட்டும் எழுதிவைத்த காலத்தே, அவர்களை மனிதராக எழுதிவைத்தவர் அவர். மாணவர் தத்தம் இல்லத்து மூதாட்டியர் பாடும் பாட்டொன்றையேனும் கேட்டெழுதி வைப்பாராயின், அதுவே அக்கவிஞர்க்குச் செய்யும் தக்க கைம்மாறாகும்.