அஸாமுக்குப் போனவர்கள்

நாஞ்சில் நாட்டில் வயதானவர்களிடம் ஜப்பான் சண்டைக் காலத்தைப் பற்றிக் கேட்டால் முதலில் பசியைத்தான் சொல்வார்கள். 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்ததும் பர்மா அரிசி நின்றது. திருவிதாங்கூர் தின்ற அரிசியில் பாதிகூட உள்ளூரில் விளையவில்லை. மரச்சீனிக் கிழங்கே பல வீடுகளில் சாப்பாடானது. பேச்சு இன்னும் நீண்டால், "அப்பா அஸாம் வேலைக்குப் போனாரு" என்பார்கள். பர்மா எல்லைப் போருக்குச் சாலையும் விமானத்தளமும் அமைக்கப் போன கூட்டம் அது.

திட்டுவிளைப் பக்கம் ஒரு பாட்டி சொன்ன தகப்பனார் பெயரை, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் தேடினேன். அதில் பல பெயர்களுக்குக் கீழே இன்னார் மகன், இன்னார் கணவர், ஊர், திருவிதாங்கூர் என்று ஒரு வரி இருக்கும். இந்தியன் பயனியர் கோரில் மம்பட்டி பிடித்துச் செத்த நம்மூர்க்காரர்களையும் அப்படித்தான் அடையாளம் காண்கிறோம். ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் போட்டுப் பார்த்தேன். அவர் இல்லை.

அவர் மலம்பனியோடு வீடு திரும்பி, சில மாதங்களில் இறந்தவர். பட்டாளத்திலிருந்து விடுபட்டபின் பணிக்காலத்து நோயால் இறந்திருந்தாலும், 1947 டிசம்பர் 31-க்குள் என்றால் ஆணையம் ஏற்கும். ஆகவே கேள்வி ஒன்றுதான்: அவர் பயனியரா, ஒப்பந்தக் கூலியா?

படை எண்ணோ டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டோ வீட்டில் இல்லை. சபையின் அடக்கப் பதிவேட்டில் தொழில் ‘கூலி’. பாட்டியிடம் மறுபடி போனேன். "காக்கி உடுப்பெல்லாம் இல்ல மக்கா, வேட்டியோடதான் போனாரு. சம்பளம் கங்காணி கையாலதான் வரும்."

அதோடு ஆணையப் பதிவேட்டின் கதவு மூடிக்கொண்டது. அதே சேறு, அதே கொசு, அதே மம்பட்டி. உடுப்பு இல்லாததால் பெயர் இல்லை. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனித் தேட வேண்டியது திருவனந்தபுரத்து ஆவணக் காப்பகத்தில். அந்தக் காலத்தில் நாம் திருவிதாங்கூர்க் குடிகள்; 1956 நவம்பர் 1 வரை திருவனந்தபுரம்தான் நம் தலைநகர். ஆள் அனுப்பிய அரசின் கோப்புகள் அங்கேதான். ஆனால் கோப்பைப் புரட்டப் பெயர் வேண்டும். அதைச் சொல்லக்கூடிய பிள்ளைகளுக்கே எண்பதும் தொண்ணூறும் ஆகிவிட்டது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இந்த வாரமே கேளுங்கள்: போனவர் பெயர், அவர் தகப்பன் பெயர், ஊர், கூட்டிப்போன கங்காணி யார், கூடப் போனவர்கள் யார் யார். எழுதி வையுங்கள்.